படத்தை நிறுத்தியது யாருக்காக?

மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குப் போட்ட படத்தைப் பாதியில் நிறுத்திய கதை குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். "பெத்தவங்களை மட்டம் தட்டுற படம், நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆகாதுங்க" என்று சொன்ன அண்ணனுக்கு அங்கே நான் பதில் பேசவில்லை. இங்கே பேசுகிறேன்.

நிறுத்தியது 'ஃப்ரீக்கி ஃப்ரைடே', 2003-இல் வந்த அமெரிக்கப் படம். அம்மாவும் மகளும் உடல் மாறிப் போகிறார்கள். தமிழ் வாத்தியார் போல அங்கே ஒரு ஆங்கில வாத்தியார், என்ன எழுதினாலும் மகளை ஃபெயில் ஆக்குகிறார். அம்மா நம்பவில்லை. மகளின் உடலில் வகுப்பில் உட்கார்ந்து, சரியாகப் பதில் சொல்லியும் ஃபெயில் ஆன பிறகுதான் அந்த ஆளை அடையாளம் தெரிகிறது. படிக்கிற காலத்தில் அம்மா வேண்டாம் என்று சொன்னவன்! பழைய கோபத்தை மகள் மேல் காட்டியிருக்கிறான். பிள்ளை பொய் சொல்லவில்லை. படம் சொல்வது இதைத்தான். இதில் மட்டம் தட்டல் எங்கே இருக்கிறது?

மகளும் சும்மா தப்பவில்லை. அப்பா இறந்தபின் அம்மா செய்யப்போகும் மறுமணத்தை அவள் மனசார ஏற்றுப் பேசிய பிறகுதான் இருவரும் பழைய உடலுக்குத் திரும்புகிறார்கள். அதையெல்லாம் பார்க்க விட்டால்தானே தெரியும்.

"அமெரிக்கக் கலாச்சாரம்" என்கிறார்கள். மூலன் என்ற இடையன் உடலில் புகுந்த திருமூலர் எந்த ஊர்? 1882-இலேயே அப்பாவும் மகனும் உடல் மாறும் ஆங்கில நாவல் வந்துவிட்டது. அதில் மாற்றி வைப்பதே இந்தியாவிலிருந்து போன ஒரு கருடக் கல். படத்தில் உடல் மாற வைக்கும் சீனப் பாட்டியை மந்திரக்காரி போலக் காட்டியதைக் குறை சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இதைப் பார்த்தால் பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவார்கள் என்ற குறையை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேசட்டும்.

நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் நான் பிளஸ் டூ படித்தேன். ஞாயிற்றுக்கிழமை தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு அப்பா வருவார். மரத்தடியில் வைத்து ஒருநாள் சொன்னேன், ஒரு சார் தினமும் என்னை மட்டும் எழுப்பி நிற்க வைத்து அசிங்கமாகத் திட்டுகிறார் என்று. "அவரு சும்மா திட்டுவாரா அம்மிணி? படிக்கிற வழியப் பாரு" என்றார். "இல்லீங்ப்பா" என்று ஆரம்பித்தேன். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரே ஒரு பீரியட் அவர் என் இடத்தில் நின்றிருந்தால் போதும்.

"பெத்தவங்க படுற கஷ்டம் தெரியுமா?" என்று கமெண்டில் கேட்க வருகிறவர்களே, தெரியும். தறிக்குடோனில் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் பஸ் ஏறி வந்த மனுஷன் அவர். அது தெரிந்ததால்தான் அடுத்தடுத்த ஞாயிறுகளில் "நல்லா இருக்கறனுங்ப்பா" என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. தயவுசெய்து அதை நல்ல வளர்ப்பு என்று என்னிடம் சொல்லாதீர்கள்.