வெயிலில் சாகும் கோழிகள் எல்லாம் வெப்பத்தால் சாவதில்லை

"கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் நாட்களில் கோழிகள் திடீரெனச் செத்தால் அது வெறும் சூடுதான், தண்ணீரில் பனடோல் கரைத்து வைத்தால் போதும், சாகக் கிடப்பதை உடனே அறுத்துக் கறியாக்கலாம்" என்று வட இலங்கையின் வன்னியில் கைபேசிகளில் சுற்றிவரும் செய்தி, பாதி உண்மையோடு பெரும் ஆபத்தையும் சேர்த்துச் சுமக்கிறது.

வெப்பம் கோழியைக் கொல்லும் என்பது மெய்தான். வியர்வைச் சுரப்பிகள் இல்லாத கோழி, வாயைத் திறந்து மூச்சிரைத்தும் சிறகுகளை அகற்றி வைத்துமே ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ் உடல்வெப்பத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. ஆகவே தகரக் கூரையின் கீழ் அடைபட்ட கொழுத்த கோழிகளே பெரும்பாலும் பிற்பகலில் விழுகின்றன. நிழலும் குளிர்ந்த நீரும் காற்றோட்டமும் உடனே கிடைத்தால் மற்றவை தேறக்கூடும்.

ஆனால் விடியற்காலையிலும் கோழிகள் செத்துக் கிடந்தால், இன்று ஒன்று, நாளை நான்கு, பின்னர் பக்கத்து வளவிலும் என்று பரவினால், பச்சையாகக் கழிந்து கழுத்து முறுகினால், இராணிக்கெட் நோயையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அது வைரசால் வருவது. வெயில் அதை உருவாக்குவதில்லை, களைத்த கோழியின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கவே செய்யும். பனடோலோ அன்ரிபயோட்டிக்கோ அதைக் குணப்படுத்தாது. நோய் வருமுன் போடும் தடுப்பு மருந்தே காக்கும். அதுவும் போடும் வரை குளிரில் இருந்திருக்க வேண்டும். வெயிலில் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்த மருந்தை நம்பியே பல வளவுகள் வெறுமையாகின்றன என்பதை வேதனையோடு சொல்கிறேன்.

நோயுற்றதை அறுத்து இறகையும் குடலையும் வீசுவதும், எஞ்சியவற்றை அவசரமாகச் சந்தையில் விற்பதும் நோயைக் கிராமம் முழுவதும் பரப்பும். பறவைக் காய்ச்சலும் இதேபோலத் தோன்றக்கூடும் என்பதால் செத்த கோழியை வெறுங்கையால் தொடாமல், பிரதேச அரச கால்நடை வைத்தியருக்கு அன்றே அறிவித்து, அவர் சொன்னபடி ஆழக் குழியில் சுண்ணாம்பு இட்டுப் புதையுங்கள்.