ஏழு மலை ஏறியவர்களின் தொல்லை

பிப்ரவரியில் கோவை வெள்ளியங்கிரி மலைப்பாதை திறந்தாலும் திறந்தது, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் கடலோரத்தில் இருக்கும் நம் மண்டபம் ஊர்த் தேநீர்க் கடையில் நிம்மதியாக ஒரு வாய் குடிக்க முடியவில்லை. பூண்டி அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடியை, முனை நைந்து நார் நாராகப் பிரிந்த பின்னும் விடாமல் ஊர்வரை தூக்கிவந்து பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு, ஏழு மலைகளிலும் நம்மையும் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிய பிறகே எழுந்திருக்கிறார்கள். ஏறியது அவர்கள், மூச்சு வாங்குவது நமக்கா? 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவுக்குக் காரிலேயே போய் வந்தவரும் (அங்கே சாலை இருக்கிறது, ஐயா!), "கடற்கரைக்காரர்களுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்?" என்கிறார். பெயரில் மட்டும் பர்வதமாக இருக்கும் சின்ன மேடான ராமேஸ்வரத்துக் கந்தமாதன பர்வதத்தின் படிகளில் இவரை ஏற்றவே இருவர் கைத்தாங்கல் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த லட்சணத்தில் அடுத்த முறை நம்மையும் அழைத்துப் போவாராம்; யார் கேட்டார்கள்?