வானம் நீலம்னு சொன்னதுக்கா ராமனுக்கு நோபல்?

"வானம் ஏன் நீலமா இருக்குன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் சி.வி. ராமனுக்கு நோபல் குடுத்தாங்க"ன்னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்ட் பிப்ரவரி 28 வந்தா சுத்த ஆரம்பிச்சிடுது, கூடவே அவருக்கு பிறந்தநாள் வாழ்த்து வேற. ரெண்டுமே தப்புங்க.

வானத்து நீலத்துக்கு கணக்கு போட்டு காட்டினது இங்கிலாந்துக்காரர் ரேலே, 1871லயே, அப்போ ராமன் பிறக்கவே இல்ல. காத்துல உள்ள மூலக்கூறுங்க நீல ஒளிய சிவப்ப விட கிட்டத்தட்ட 6 மடங்கு அதிகமா சிதறடிக்குது, ஆனா சிதறுன பிறகும் அலைநீளம் மாறாது, நீலம் நீலமாவே வரும்.

ராமன் கண்டுபிடிச்சது அலைநீளம் மாறி சிதறுற ஒளிய. 1928ல கொல்கத்தால அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளிய ஊதா ஃபில்டர் வழியா திரவத்துக்குள்ள விட்டு, அந்த ஊதாவ தடுக்குற இன்னொரு ஃபில்டர கண்ணு பக்கம் வச்சு பாத்தாங்க. இருட்டா இருக்கணும்ல? மங்கலா ஒரு வெளிச்சம் தெரிஞ்சுது! மூலக்கூறு கொஞ்சம் எனர்ஜிய உருவிக்கிட்டதால நிறம் மாறி வந்த ஒளி அது, ரொம்ப ரொம்ப அபூர்வமாத்தான் நடக்கும். 1930 நோபல் இதுக்குத்தான்.

குழப்பம் எங்க வந்திருக்கும்னா, 1921ல கப்பல்ல வரும்போது மத்தியதரைக் கடல் நீலத்த பாத்துதான் அவருக்கு இந்த ஆராய்ச்சி ஆர்வமே தொத்துச்சு.

பிப்ரவரி 28 கண்டுபிடிச்ச நாள், அதான் தேசிய அறிவியல் தினம். பிறந்தது திருச்சில, 1888 நவம்பர் 7.