தமிழ் வாத்தியாருக்கு ஊசி போடத் தெரியாதுதான்

வெள்ளிக்கிழமை நான் போட்ட, சுகாதார அமைச்சராக இருந்த பேராசிரியர் க. அன்பழகன் படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் தேட வேண்டாம், அவரைக் கிண்டலடித்துக் கமென்ட் போட்ட தம்பி அதை அழித்துவிட்டார். அழித்ததோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ‘காமெடிக்குச் சொன்னேன், சார் சீரியஸா எடுத்துக்கிட்டார்’ என்று தன் பக்கத்தில் எழுதியிருக்கிறார். சரி, சீரியஸாகவே எடுத்துக்கொள்கிறேன்.

‘தமிழ் வாத்தியெல்லாம் ஹெல்த் மினிஸ்டரா இருந்த ஸ்டேட் இது. பேஷன்ட்டுக்கு ஊசிக்குப் பதிலா வெண்பா போட்டிருப்பாங்க.’ இதுதான் அந்த காமெடி. முதல் தடவை படித்தபோது நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். அப்புறம் சிரிப்பு பொம்மை போட்டவர்கள் யார் என்று பார்த்தேன். அதில் ஏழு பேர் என்னிடம் படித்தவர்கள்.

சுகாதார அமைச்சரின் வேலை ஊசி போடுவது இல்லை. இதை இந்தப் பதிவில் இன்னும் நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

க. அன்பழகன் நம்ம திருவாரூர் பக்கத்துக் காட்டூர்க்காரர். இப்போது அங்கே கலைஞர் கோட்டம் பார்க்க பஸ் பஸ்ஸாக வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் அந்த ஊரில்தான் 1922இல் பிறந்தார் என்று தெரியும்? ராமையா என்று வைத்த பெயரை அன்பழகன் என்று மாற்றிக்கொண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. முடித்து, பச்சையப்பன் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1971இல் சுகாதார அமைச்சர் ஆனார். 1976 ஜனவரி 31 அன்று ஆட்சியைக் கலைக்கும்வரை அந்தத் துறையில் இருந்தார். பிறகு கல்வி அமைச்சர், 2006இல் நிதி அமைச்சர். நிதி அமைச்சராக பட்ஜெட் படித்தபோது ‘இவர் ஆடிட்டரா?’ என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரி என்று வந்தால் மட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்க வேண்டுமாம்.

எங்கள் அப்பாயிக்கு இரண்டு கண்ணிலும் புரை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து காலடி ஓசையை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்லும். எழுபதுகளின் தொடக்கத்தில் கண்ணொளித் திட்டம் என்று ஊர் ஊராக முகாம் போட்டார்கள் இல்லையா, அதில் அப்பாவும் சித்தப்பாவும் மாட்டுவண்டியில் கொண்டுபோய் விட்டார்களாம். எனக்கு நாலு வயது, அம்மா சொல்லித்தான் தெரியும். கட்டு அவிழ்த்து, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி வந்த அப்பாயி என்னை இழுத்து வைத்துப் பார்த்துவிட்டு, ‘இவனுக்கு அவரு மூக்குடி’ என்று அம்மாவிடம் சொன்னதாம். அதுவரை என் மூஞ்சியைக் கையால் தடவித்தான் தெரியும் அதற்கு.

அந்தக் கண்ணை அறுத்தவர் டாக்டர். மறுக்கவே இல்லை. ஆனால் அந்த டாக்டரை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வரவைத்தது யார்? பெஞ்சை ஒதுக்கிக் கட்டில் போட்டு, கஞ்சி காய்ச்சி, கண்ணாடி வாங்கிக் கொடுக்கக் காசு ஒதுக்கியது யார்? திட்டம் கலைஞருடையது, துறை தமிழ் வாத்தியாருடையது. அப்பாயிக்கு யாரும் வெண்பா போடவில்லை தம்பி.

‘ஏன், டாக்டராக இருந்து அமைச்சரானவர்களும் நல்லது செய்தார்களே?’ என்று ஒருவர் கண்ணியமாகக் கேட்டிருந்தார். செய்தார்கள். நம் பக்கத்திலிருந்தே ஓர் ஆளைச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்து டி.எஸ்.எஸ். ராஜன். ரங்கூனில் வேலை பார்த்து, லண்டன் போய்ப் படித்து, திருச்சியில் தொழில் செய்த டாக்டர். 1930 ஏப்ரல் 13 அன்று உப்பு யாத்திரை கிளம்பியது அவர் வீட்டு வாசலிலிருந்துதான். தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரம் அவர் கையில் இருந்தது. 1939இல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது, நாட்டிலேயே முதல் சட்டம். குடிதண்ணீர், சாக்கடை, கொசு, தொற்றுநோய் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அவர் பெயர் நிற்பது அந்தச் சட்டத்தால்தானே, அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டால் இல்லையே? கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவரும் என் கட்சிதான்.

கட்சி என்றதும் வருவீர்கள், தெரியும். ‘சார் உடன்பிறப்பு.’ ஆமாம், எங்கள் வீடு அப்படி. அதற்கென்ன? மருந்துக் கொள்முதலுக்கென்று தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் வந்தது ஜெயலலிதா ஆட்சியில். மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ்புக், அதில் இருக்கிற தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம். குறுவை நடவில் கட்டுவிரியன் கொத்திய ஆளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விஷமுறிவு மருந்து கிடைக்க வேண்டுமென்றால் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். டெண்டர், கிடங்கு, லாரி, கணக்கு. எந்த மருத்துவக் கல்லூரியில் இதைச் சொல்லித் தருகிறார்கள்? அது அமைச்சரும் அதிகாரியும் சேர்ந்து இழுக்கிற தேர். இதைச் சொல்ல எனக்குக் கட்சி தடுக்கவில்லை.

இன்னொன்று கேட்கிறேன். 2019 அக்டோபரில் அரசு டாக்டர்கள் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்களே, அப்போது சுகாதார அமைச்சர் யார்? எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர். டாக்டர் அமைச்சரானால் டாக்டர் கஷ்டம் தெரியும் என்ற கணக்கு அங்கே ஏன் உதைத்தது? அவரைத் திட்டவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எவருக்கும் நிதித்துறைதான் எதிரே நிற்கும் என்கிறேன். ஃபைலை அங்கிருந்து வெளியே கொண்டுவரத் தெரிய வேண்டும். அதற்கு வெண்பா தெரிந்தாலும் தப்பில்லை.

அந்தக் கலைஞர் ஆட்சி மேல் வந்த ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷன் பற்றிக் கேட்டவருக்கு: இன்னொரு நாள்.

‘சார், கிராமத்து ஆஸ்பத்திரியில் ராத்திரி டாக்டர் கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா’ என்று தம்பியின் நண்பர் ஒருவர். தெரியாது. நோயாளி வீட்டார் கஷ்டம் தெரியும். 2008 தை மாதம், அப்பாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, ‘தஞ்சாவூர் மெடிக்கலுக்குக் கொண்டுபோயிடுங்க’ என்றார்கள். எதில் கொண்டுபோவது? அறுவடை சமயம், வாடகைக் கார் இரண்டும் ஊரில் இல்லை. நெல் வியாபாரி ஒருவர் தன் வேனைக் கொடுத்தார். சாக்கை விரித்து அப்பாவைப் படுக்க வைத்தோம். நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி. அந்தக் கேட்டைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. நின்ற நேரத்தில் ஒரு டாக்டருக்கு போன் போட்டேன், சொந்தக்காரர்தான், இன்ன மாத்திரை இன்னொன்று கொடுக்கலாமா என்று கேட்க. நாலு தடவை போட்டேன். எடுக்கவில்லை. தூங்கியிருப்பார். காரியத்துக்கு வந்து, ‘எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்கலாமே’ என்றார்.

அம்மாப்பேட்டை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

அந்த வருடம் செப்டம்பரில் 108 வந்தது. எட்டு மாதம். அப்போது சுகாதார அமைச்சர் கடலூர் மாவட்டத்து எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம், டாக்டர் இல்லை. 2010இல் திருவாரூரிலேயே மருத்துவக் கல்லூரி வந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், இது ரெண்டு வருடம் முன்னால் இருந்திருந்தால் கேட் தாண்ட வேண்டியிருந்திருக்காதே என்று தோன்றும். அரசாங்கம் ஒரு காரியத்தை எட்டு மாதம் முந்திச் செய்வதற்கும் பிந்திச் செய்வதற்கும் நடுவில் எங்கள் அப்பா இருக்கிறார். அந்த எட்டு மாதம்தான் அமைச்சர் கையில் இருப்பது. ஊசி இல்லை.

டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் என்று எழுதுவீர்கள். இல்லை. என் மருமகள் நர்ஸ். என் மாணவிகள் மூன்று பேர் டாக்டர்கள், ஒருத்தி தஞ்சாவூரிலேயே இருக்கிறாள், போன் அடித்தால் எடுப்பாள். நான் கோபப்படுவது அந்தச் சிரிப்பு மேல். ‘தமிழ் வாத்தி’ என்றாலே சிரிப்பு வருகிறது இல்லையா, அதன் மேல். முப்பத்தொரு வருடம் சாக்பீஸ் பிடித்திருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் கணக்கு சாரிடமும் சயின்ஸ் டீச்சரிடமும் வரிசை நிற்கும். என் மேசைக்கு வருகிறவர்கள் ‘தமிழ்தானே சார், பாஸாயிடுவான்ல’ என்று நின்றபடியே கேட்டுவிட்டுப் போவார்கள். பழகிவிட்டது. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வெள்ளிக்கிழமை வரை.

எதை விட்டு எங்கே வந்துவிட்டேன் பாருங்கள். அம்மாவுக்கு மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாசலுக்கு வருகிறது, மக்களைத் தேடி மருத்துவம். 2021இல் அதைத் தொடங்கியபோது அமைச்சர் மா. சுப்பிரமணியன், அவரும் டாக்டர் இல்லை என்று எழுத வந்தவன், அதை விட்டுவிட்டேன்.

கடைசியாகத் தம்பிக்கு. அழிப்பதற்கு முன்னால் உங்கள் கமென்ட்டை ஒருவர் எனக்குப் படம் பிடித்து அனுப்பினார். ‘வாத்தி’யில் ஒற்று விட்டுப்போயிருந்தது, ‘வாதி’ என்றிருந்தது. மேலே நான் திருத்தித்தான் எடுத்துப் போட்டிருக்கிறேன்.