போட்டோவுல என் கை மட்டும்

இன்னிக்கு எனக்கு லேட் மார்க் போட்டிருக்காங்க. சைக்கிள்ல வந்ததுக்கு. அதுவும் சீக்கிரமா வந்ததுக்கு!

சுற்றறிக்கை உங்க ஆபீசுக்கும் வந்திருக்கும். "புதன்கிழமை தோறும் அனைத்துப் பணியாளர்களும் மிதிவண்டியிலோ பொதுப் போக்குவரத்திலோ வருகை தருமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." அன்புடன்னு பார்த்தாலே எனக்கு வயித்தக் கலக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல 2022-லயே புதன்கிழமைக்கு இப்படி ஒண்ணு கொண்டு வந்தாங்க. அது சேலத்துல எங்க ஆபீஸ் படியேற இவ்வளவு நாள் ஆயிருக்கு. வந்ததும் வந்துச்சு, அதே தாளை நகல் எடுத்து ஏற்காட்டுக்கும் அனுப்பிட்டாங்க. கீழ இருந்து தினம் மேல போற மனுசன் 20 கொண்டை ஊசி வளைவையும் மிதிச்சு ஏறி பத்து மணிக்குக் கையெழுத்துப் போடணுமாம். சாயங்காலம் இறங்கும்போது வேணா சுகமா இருக்கும், பிரேக் பிடிச்சா.

சரி, ஒருத்தனாவது செய்வோமேன்னு மக சைக்கிளை எடுத்தேன். பிளஸ் ஒன்ல கொடுத்த விலையில்லா மிதிவண்டி. முன்னாடி கூடை, அதுக்குள்ள அவளோட பழைய ரிப்பன். ஜங்ஷன் பக்கத்துல இருந்து மிதிச்சேன். அஞ்சு ரோட்டுல 2020-ல திறந்த ஈரடுக்குப் பாலம் இருக்கே, மேல ரெண்டு அடுக்குலயும் காருங்க பறக்குது. கீழ தூணுக்கும் டவுன் பஸ்சுக்கும் நடுவுல சந்து ஒண்ணு இருக்கும் பாருங்க, அதுதான் என் ரோடு. சாரதா காலேஜ் ரோட்டுல வரும்போதே சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. ஆனா 9.40-க்கு ஆபீஸ் கேட்டுல இருந்தேன்.

சைக்கிள் ஸ்டாண்டு எங்கன்னு கேட்டா வாட்ச்மேன் என்னைப் பரிதாபமாப் பார்க்கிறார். "அப்படி ஒண்ணு இல்ல சார். பின்னாடி ஓடாதுன்னு கண்டம் பண்ணின ஜீப் நிக்குதுல்ல, அதுல சாய்ச்சு வெச்சிடுங்க." அந்த ஜீப்புக்குள்ள வேப்பஞ்செடி முளைச்சு ஜன்னல் வழியா வெளிய எட்டிப் பார்க்குது. எங்க ஆபீஸ்லயே உண்மையான பசுமை வாகனம் அது ஒண்ணுதான்.

பூட்டக்கூட இல்ல, ஆபீஸ் அசிஸ்டென்ட் தம்பி ஓடி வர்றான். "சார், சைக்கிளைக் குடுங்க சார், ஐயாவுக்கு போட்டோ எடுக்கணும். நீங்க ஒருத்தர்தான் சைக்கிள்ல வந்திருக்கீங்க." போர்ட்டிகோவுல ஐயா கார் ஏசி ஓடிட்டே நிக்குது. பக்கத்துல பிளாஸ்டிக் பிளெக்ஸ்ல 'பசுமைப் பயணம்'. ஐயா ஏறி உட்கார்ந்தார். முட்டி போய் கூடையில இடிக்குது. சீட்டை ஏத்தணும். ஸ்பேனர் எங்க? ஜெனரேட்டர் ரூம்ல இல்ல. எலக்ட்ரீசியன் லீவு. கடைசியில ஐயா கார் டிக்கியில இருந்தே எடுத்தாங்க. ஏத்தினா, இப்ப ஐயாவுக்குக் கால் தரையில எட்டல. "நீங்க பின்னாடி கேரியரைப் பிடிச்சுக்கங்க, தெரியாத மாதிரி" அப்படின்னாங்க. பிடிச்சேன். வெயில் எதிர்ல அடிக்குதுன்னு திருப்பினாங்க. ஐயா கண்ணை மூடிட்டாருன்னு இன்னொண்ணு. ரிப்பன் தெரியுதுன்னு எடுத்துட்டு இன்னொண்ணு. "இன்னும் கொஞ்சம் மிதிக்கிற மாதிரி வாங்க சார்." அவர் மிதிக்கிறார், நான் தள்ளறேன். அஞ்சாம் கிளாஸ் பையனுக்கு சைக்கிள் பழக்கி விடற மாதிரி போர்ட்டிகோவை மூணு சுத்து.

உள்ள போனா வருகைப் பதிவேடு சூப்பிரண்டு டேபிளுக்குப் போயாச்சு. நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையா போனை எடுத்து, அதுக்குள்ள குரூப்ல வந்துட்ட போட்டோவைத் திறந்தார். அதுல நான் இல்ல. கேரியரைப் பிடிச்ச என் கை மட்டும் இருக்கு. ரெண்டு விரலால பெருசாக்கி என் வாட்சைக் காட்டறார்: "மணி 10.22. நீங்களே பாருங்க, வாசல்லதான நிக்கறீங்க?"

இதுக்கு என்ன பதில் சொல்ல? பக்கத்து செக்‌ஷன் அக்காங்க சிரிச்ச சிரிப்புல எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அவங்க 2021 மே மாசம் பெண்களுக்குக் கட்டணமில்லாம விட்டதுல இருந்து தினம் டவுன் பஸ்ல, ஒத்தக் கால்ல நின்னுட்டு வர்றவங்க. அவங்களை யாரும் ஒரு போட்டோ எடுத்ததில்ல. "நல்லவேளை எடுக்கல"ன்னு ஒரு அக்கா சொல்லுது.

சாயங்காலம் சீட்டை இறக்கறதுக்கு ஸ்பேனர் கேட்டா, கார் கிளம்பிப் போயிடுச்சாம். ஒட்டகத்து மேல உட்கார்ந்த மாதிரி வீட்டுக்கு வந்தேன். மக ஒரு வாரம் என்கூடப் பேச மாட்டா.

சரி, மனசு ஆறட்டும்னு வழியில தட்டுவடை செட் வாங்கினேன், ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் துருவின காய்கறியும் வெச்சுத் தருவாங்களே, அது. காசு ஏத்திட்டான், பரவால்ல. பீட்ரூட் எங்கடா? கேரட்டை மட்டும் நாலு இழை தூவிட்டு அதுக்குப் பேரு செட்டா?