இவருக்குப் பதில் இவர்

பிடித்த கதாபாத்திரத்துக்கு நடிகர் மாறினால் உடனே எழும் கேள்வி, "பழையவர் மாதிரி செய்வாரா?" அந்த 'மாதிரி'தான் புதியவரைக் கவிழ்க்கிறது என்பேன்.

ஜேம்ஸ் பாண்டையே எடுத்துக்கொள்வோம். 1969-ல் ஷான் கானரிக்குப் பதில் ஜார்ஜ் லேசன்பி. கடற்கரைச் சண்டை முடிந்து, காப்பாற்றிய பெண் காரில் போய்விட, "இதெல்லாம் அந்த இன்னொரு ஆளுக்கு நடந்ததே இல்லை" என்கிறார். டைட்டிலில் பழைய படங்களின் துணுக்குகள் ஓடுகின்றன. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பழைய படத்துக் கத்தியையும் கழுத்தை நெரிக்கும் கடிகாரத்தையும் எடுத்துப் பார்க்கிறார். இதுவும் அதே பாண்ட்தான் என்று நம்பவைக்கச் செய்தவை எல்லாம் கானரியைத்தான் ஞாபகப்படுத்தின. நல்ல படம், அதனாலேயே எனக்கு ஆதங்கம்.

1973-ல் ரோஜர் மூர் வந்தபோது நேர்மாறாகச் செய்தார்கள். பாண்டின் வழக்கமான மார்ட்டினி இல்லை, போர்பன் விஸ்கி குடிக்கிறார். சிகரெட் இல்லை, சுருட்டு. வழக்கமான அலுவலகக் காட்சியே கிடையாது. மேலதிகாரி எம்மும் அவருடைய செயலாளர் மணிபென்னியும் விடிவதற்குள் பாண்ட் வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள், பாண்ட் காபி போட்டுக் கொடுக்கிறார். ஒப்பிட இடம் தரும் பொருள்களை எடுத்துவிட்டு, அவரைப் பாண்டாக நடத்தும் பழைய முகங்களை மட்டும் பக்கத்தில் வைத்தார்கள். காலூன்றிய பிறகு, 1981-ல், பாண்டின் மனைவியின் கல்லறைக்குப் பூ கொண்டுபோகிறார் மூர். 1969 படத்தில் அந்தப் பெண்ணை மணந்தது லேசன்பி. யாருக்கும் உறுத்தவில்லை.

ஆள் மாற்றும் இயக்குநர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். தேர்வின்போது புதியவரைத் தனியாக வசனம் பேசவிட்டுப் பார்க்காதீர்கள். தொடர்ந்து நடிக்கப்போகிறவரை எதிரில் நிறுத்தி, ஒரு சண்டைக் காட்சியும் ஒரு சும்மா பேசும் காட்சியும் எடுத்துப் பாருங்கள். பழைய காட்சிகளைப் போட்டுக் காட்டலாம், ஆனால் குரலையும் சிரிப்பையும் பிடிக்கச் சொல்லி அல்ல. பதில் சொல்லுமுன் எவ்வளவு நேரம் எடுக்கிறார், கோபம் வந்தால் குரல் ஏறுமா இறங்குமா, யார் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார் என்பதைக் கவனிக்க.

முதல் காட்சியில் மெதுவாகத் திரும்பும் முகத்துக்குக் க்ளோசப் வேண்டாம். அது 'பாருங்கள், புது ஆள்' என்று அறிவிப்பது. ஏதாவது வேலையில் இருக்கட்டும், வீட்டில் ஒருவர் வழக்கமாக அழைக்கும் பெயரில் கூப்பிடட்டும். பழையவரின் சட்டையை அப்படியே மாட்டாமல் புதியவர் அளவுக்குத் தையுங்கள். சுவரில் மாட்டிய குடும்பப் படத்தை மறந்துவிடுவார்கள். அதில் பழைய முகம் சிரித்துக்கொண்டிருந்தால் செய்ததெல்லாம் வீண். ஃபிளாஷ்பேக்கும் அப்படித்தான். தவிர்க்க முடியாவிட்டால் புதியவரை வைத்துத் திரும்ப எடுத்துவிடுங்கள். சாவு, கல்யாணம் போன்ற பெரிய காட்சிக்கு முந்தின நாள் மட்டும் ஆளை மாற்றாதீர்கள்.

ஹாரி பாட்டர் படங்களில் பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோராக நடித்த ரிச்சர்ட் ஹாரிஸ் 2002-ல் இறந்தபின் அந்த வேடத்துக்கு மைக்கேல் காம்பன் வந்தார். 2004-ல் வந்த படத்தில் தாடி, உடை, நடை எல்லாமே வேறு, பலரும் ஏற்றுக்கொண்டார்கள். ரசிகர்கள் இன்றும் ஆறாமல் பேசுவது 2005 படத்தின் ஒரே காட்சியைத்தான். போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் மாயக் கோப்பையில் பெயரைப் போட்டாயா என்று ஹாரியிடம் அமைதியாகக் கேட்டார் என்றிருக்கிறது நாவலில். படத்திலோ பாய்ந்து வந்து பையனைப் பிடித்து உலுக்குகிறார். இதில் நடிகரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அந்த டேக்கைப் பார்த்ததும், "இவர் பதறமாட்டார், இன்னொரு முறை போகலாம்" என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.