நாலு வரிக்கு மேல எழுதணும்னா கீபோர்டு வேணும்

"எல்லாம் போன்லயே அடிச்சிரலாமே அண்ணே, இனி கீபோர்டு எதுக்கு?" காலேஜ் படிக்கிற பிள்ளைகள் இப்படிக் கேட்கும்போது என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. நாகர்கோவிலில் டைப்பிங் வேலை பார்த்துப் பிழைக்கிறவன் நான். கலெக்டர் ஆபீஸ் மனு, பிஎச்டி ஆய்வேடு, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் நூற்றாண்டு மலர் என்று ஊரார் எழுதுகிற தமிழ் நாள் முழுக்க என் மேசை வழியாகப் போகிறது. அதை வைத்துச் சொல்கிறேன். பதில் அனுப்ப போன் போதும். உட்கார்ந்து எழுத, அதுவும் தமிழில் எழுத, அழுத்தினால் இறங்குகிற கீ வேண்டும்.

தொடுதிரை நமக்குச் செய்த நல்லதை நான் மறக்கவில்லை. பட்டன் போன் காலத்தில் இங்கிலீஷில் எஸ்எம்எஸ் அனுப்பினால் 160 எழுத்து கிடைக்கும். தமிழில் 70தான், அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. அதனால் எல்லோரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தே பழகினோம். 2007இல் ஐபோனைக் காட்டும்போது ஸ்டீவ் ஜாப்ஸ் பட்டன் போன்களைப் பற்றி ஒரு குறை சொன்னார்: அந்த பிளாஸ்டிக் பட்டன்கள் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் அங்கேயே இருக்கும், வேலைக்குத் தக்கபடி மாறாது. தமிழர்களுக்கு அது ரொம்பவே பொருந்திய பேச்சு. கடையில் விற்கிற கீபோர்டில் நம் எழுத்து எங்கே அச்சடித்திருக்கிறது? கண்ணாடித் திரையில் எந்த எழுத்தையும் காட்டலாம். முத்து நெடுமாறனின் செல்லினம், அப்புறம் கூகுளின் ஜிபோர்டு என்று போனில் தமிழ் அடிக்கிற செயலிகள் வந்தபிறகு, எங்கள் தெருவில் பேரனுக்குத் தமிழில் செய்தி அனுப்பாத பாட்டி இல்லை. இதெல்லாம் பெரிய விஷயம்தான்.

ஆனால் என் மேசைக்கு வருவதைப் பாருங்கள். மழையில் வீடு இடிந்ததற்கு நிவாரணம் கேட்டு ஒரு பெரியவர் வந்தார். மகன் போனில் அடித்த மனு வாட்ஸப்பில் இருந்தது. தென்னை மரம் சாய்ந்து ஓட்டுக் கூரை நொறுங்கியதுதான் சங்கதி. அதில் மரம் 'மறம்' ஆகியிருந்தது, கூரை 'குறை' ஆகியிருந்தது. அந்தப் பையனுக்கு எழுத்து தெரியாது என்று நான் நம்பமாட்டேன். பேனா கொடுத்தால் சரியாக எழுதுவான். இங்கிலீஷ் எழுத்தில் ஒலியை அடிக்கிறார்கள், மேலே வரிசையாகச் சொற்கள் வருகின்றன, கண் எதை முதலில் பிடிக்கிறதோ அதைப் பெருவிரல் தொட்டுவிடுகிறது. ர-வா ற-வா என்று யோசிக்கவே அங்கே இடமில்லை. மனு தாசில்தார் மேசைக்குப் போனபிறகு அதைப் படித்து யார் சிரித்தால் என்ன, அவமானம் அந்தப் பெரியவருக்குத்தானே?

கீபோர்டில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது தமிழ் 99 விசைப்பலகை. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெல்லாம் கிட்டத்தட்ட வலது கைக்கு. ள அடிக்க வலது ஆள்காட்டி விரல் மேலே போகும். ல அடிக்க அதே விரல் கீழே இறங்கும். ழ-வுக்குச் சுண்டுவிரல் கீழ் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மூன்றும் மூன்று அசைவு. ற மேல் வரிசை, ர கீழ் வரிசை. கொஞ்ச நாள் பழகிவிட்டால் ஒவ்வொரு சொல்லின் எழுத்தும் விரலில் ஏறி உட்கார்ந்துவிடும், 'மறம்' என்று தப்பாக அடித்தால் கண் பார்க்கும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். புள்ளிக்கும் பெரிய பாடு கிடையாது. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ போதும், முதல் ம-வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பந்துக்கும் அப்படித்தான். எந்தக் கீபோர்டிலும் இங்கிலீஷ் எஃப், ஜே கீகளின் மேல் சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். தமிழ் 99இல் அந்த இரண்டும் புள்ளியும் ப-வும். அதில் ஆள்காட்டி விரல்களை வைத்துவிட்டால் குனிந்து பார்க்காமல் பக்கம் பக்கமாக ஓட்டலாம். கண்ணாடியில் தடவினால் என்ன தெரியும்?

வேகத்தில் போன் பின்தங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜும் சூரிச்சின் ஈடிஹெச்சும் சேர்ந்து 37,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வந்தது. இரண்டு பெருவிரலால் இங்கிலீஷ் அடிப்பவர்கள் சராசரியாக நிமிடத்துக்கு 38 வார்த்தை அடிக்கிறார்கள். கம்ப்யூட்டர் கீபோர்டில் முந்தைய ஆய்வு காட்டிய சராசரி சுமார் 52. இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது, சின்னப் பிள்ளைகள் பெற்றோரைவிட வேகம். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: பிழையைத் தானே திருத்தும் வசதி வேகத்தைக் கூட்டுகிறது, மேலே வரும் சொற்களில் ஒன்றைத் தேடி எடுப்பது வேகத்தைக் குறைக்கிறது. நம் பிள்ளைகள் தமிழ் அடிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது வழியில்.

வேகத்தைவிட எனக்கு வலிக்கிற விஷயம் வேறு. "எனக்க அம்மெ சொன்னது" (என் அம்மா சொன்னது) என்று நம்ம ஊர்ப் பேச்சிலேயே ஒரு கதை எழுதப் பாருங்கள். போன் 'எனக்கு அம்மா' என்று நீட்டும். ஒரு தடவை மாற்றுவோம், ரெண்டாம் தடவை மாற்றுவோம், அப்புறம் அது சொல்வதற்கே விட்டுவிடுவோம். குமரித் தமிழில் எழுத ஆசைப்படுகிற இளவட்டங்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் வாயில் வருவது அப்படியே பக்கத்தில் விழ வேண்டும்.

இன்னொரு காட்சி. சின்னமுட்டம் துறைமுகத்தில் போட் அடையும்போது நில்லுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் சட்டைப் பையில் டச் போன் வைத்திருக்கிறார், வியாபாரியைக் கூப்பிட எடுப்பது பாலிதீன் உறையில் சுற்றிய பட்டன் போனை. "கை நனைஞ்சிருந்தா அது கேக்காது மக்கா" என்றார். கேட்காதுதான். விரல் தொடுகிற இடத்தில் மாறும் மின்னேற்றத்தை வைத்து வேலை செய்கிற திரை அது, உப்புத் தண்ணீரும் மின்சாரம் கடத்தும், எது விரல் எது தண்ணீர் என்று அது குழம்பும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் விரலில் காய்ந்த பாலை உரித்துப் போட்டுவிட்டுத்தான் போனைத் தொடுகிறார்கள். வருஷத்தில் இரண்டு பருவமழை பெய்கிற மாவட்டம் இது. கம்பெனிகள் பட்டனை ஒழித்தபோது இந்தக் கைகளை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? 2011இல் தொடங்கி அரசு கொடுத்த லேப்டாப்கள் எத்தனை வீட்டில் அலமாரி மேல் கிடக்கின்றன! அதில் பேட்டரி போயிருந்தாலும் சார்ஜரைச் சொருகினால் பல இன்னும் ஓடும். அதுவும் இல்லையென்றால் அரசுப் பள்ளி ஹைடெக் லேப் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் வாரம் ஒரு பீரியட் தமிழ் 99 பழக்கினால் போதும், தமிழ் ஆசிரியரும் கம்ப்யூட்டர் ஆசிரியரும் சேர்ந்து செய்யலாம். தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து டைப் இன்ஸ்டிட்யூட்டுகளில் லோயர், ஹையர் முடித்துவிட்டு குரூப் 4 எழுதக் காத்திருக்கிற பெண்கள் இருக்கிறார்களே, விரல் ஏற்கெனவே பழகிய அவர்களைச் சம்பளம் கொடுத்துச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு: யுஎஸ்பி கீபோர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அதற்குள் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுங்கள். கீயின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஒட்டினால் கண் கீழேயே கிடக்கும். விசைப்பலகைப் படத்தைப் பிரின்ட் எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டுங்கள். முதலில் இடது கை உயிரெழுத்து, அது வந்தபின் நடு வரிசை க, ப, ம, த, ந, ய. தினமும் அரை மணி நேரம், நாளிதழில் ஒரு பத்தி. கைக்கு வரும்வரை வேகத்தைப் பார்க்க வேண்டாம்.